விஷத்தை வெளியே எடுத்த டாக்டர் பிசிக்

இடுக்கி ஏலக்காடுகளில் மருந்தடிப்பு நடக்கும் நாட்களில் உடும்பன்சோலை, பூப்பாறை, நெடுங்கண்டம் பக்கத்து லயத்து வீடுகளிலிருந்து யாராவது ஓடி வந்து ஜீப் கேட்பது புதிதல்ல. தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்த பூச்சிமருந்தைத் தாகத்தில் ஒருவர் எடுத்துக் குடித்திருப்பார். அல்லது மனம் நொந்த நேரத்தில் யாரோ தெரிந்தே குடித்திருப்பார். பாலக்காடு ஜில்லாவில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வயல்காட்டிலும் இதே கதைதான். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் சொந்தக்காரர்கள் உள்ளேயிருந்து வரும் நர்சிடம் முதலில் கேட்பது, வயிறு கழுவியாகிவிட்டதா என்பதுதான். மலையாளத்தில் இதையே வயறு கழுகுக என்பார்கள். தமிழுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இந்த வயிறு கழுவும் வேலை ஆதிகாலத்திலிருந்து இருந்துவந்த ஒன்றல்ல. விஷம் உள்ளே போன ஒருவரின் இரைப்பைக்குள் குழாயைச் செலுத்தி, விஷத்தை வெளியே இழுத்துப் பார்த்து, நடந்ததை மறைக்காமல் எழுதியும் வைத்தவர் அமெரிக்க டாக்டர் பிலிப் சிங் பிசிக். அது நடந்தது 1812-ம் ஆண்டு. அந்த நாட்டில் அவரை ரண சிகிச்சையின் தந்தை என்றே சொல்கிறார்கள். நடுப்பெயர் சிங் என்றிருப்பதால் பஞ்சாப்காரர் என்று எண்ணிவிட வேண்டாம். அது அவருடைய தாய்வழிப் பாட்டனாரின் பெயர்.

வெள்ளித் தட்டார் பேரன்

பிசிக் பிறந்தது 1768-ம் ஆண்டு ஜூலை 7-ந் தேதி. ஊர் பிலடெல்பியா. தந்தை எட்மண்ட் பிசிக், பென்சில்வேனியா மாநிலத்தையே நிறுவிய பென் குடும்பத்தாரின் சொத்து வரவு செலவைக் கவனித்து வந்தவர். தாயார் அபிகேல். அவருடைய தந்தைதான் பிலிப் சிங் என்ற வெள்ளி வேலைக்காரர். 1752-ல் இவர் செய்து கொடுத்த வெள்ளி மைக்கூட்டில் பேனாவைத் தோய்த்துத்தான் 1776-ல் அமெரிக்கத் தலைவர்கள் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

பேரனுக்கும் பாட்டனைப் போல வெள்ளி வேலை செய்யத்தான் ஆசை என்று சொல்வதுண்டு. தந்தை சம்மதிக்கவில்லை. பிள்ளை டாக்டராக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். 1785-ல் பென்சில்வேனியா சர்வகலாசாலையில் பட்டம் வாங்கிய கையோடு, ஆதாம் கூன் என்ற வைத்தியரிடம் பையனைச் சேர்த்துவிட்டார். படிக்கிற காலத்தில் ஒரு நாள் காலை வெட்டி எடுக்கும் ஆபரேஷனைப் பார்க்கப் போன பையனுக்கு வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்துவிட்டது. வெளியே அழைத்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று. இந்தத் தொழில் எனக்கு வேண்டாம் என்று தந்தையிடம் மன்றாடினான். தந்தை மசியவில்லை. அவர் மட்டும் அன்று இளகியிருந்தால் பிலடெல்பியாவுக்கு இன்னொரு நல்ல வெள்ளித் தட்டார் கிடைத்திருப்பார்.

1789-ல் தந்தையே மகனை லண்டனுக்கு அழைத்துச் சென்று ஜான் ஹன்டரிடம் ஒப்படைத்தார். அந்த நாளில் ஐரோப்பாவிலேயே பெயர் பெற்ற ரண வைத்தியர் ஹன்டர். பையனுக்கு என்னென்ன புத்தகம் வாங்க வேண்டும் என்று தந்தை கேட்டாராம். ஹன்டர் அவரைப் பிணங்கள் அறுக்கப்படும் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், அவற்றைக் காட்டி, உம்முடைய மகன் படிக்கப் போவது இவற்றைத்தான் என்றாராம். ஆபரேஷனைப் பார்த்து மயங்கிய பையன் அங்கே தேறிவிட்டான். 1790-ல் செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. ஹன்டர் தம்மோடு கூட்டாகவே தொழில் செய்யலாம் என்று கூப்பிடும் அளவுக்கு அவரிடம் பெயர் வாங்கினார். பிசிக் அதற்கு இணங்காமல் எடின்பரோ போய் 1792-ல் எம்.டி. பட்டம் பெற்று ஊர் திரும்பினார்.

ஊரில் யாரும் சீந்தவில்லை. லண்டன் படிப்பு, எடின்பரோ பட்டம் எல்லாம் இருந்தும், நடந்து தேய்ந்த செருப்புக்கு அடித்தோல் போடக்கூட முதல் சில வருஷம் வருமானம் வரவில்லை என்று பிற்காலத்தில் அவரே சொல்வாராம்.

மஞ்சள் காய்ச்சல்

1793-ம் ஆண்டு ஆகஸ்டில் பிலடெல்பியாவில் மஞ்சள் காய்ச்சல் பரவியது. சுமார் 50 ஆயிரம் பேர் இருந்த ஊரில் ஏறக்குறைய 5 ஆயிரம் பேர் சில மாதங்களில் மாண்டார்கள். வசதியுள்ளவர்கள் வண்டி கட்டிக்கொண்டு வெளியூர் ஓடினார்கள். ஊருக்கு வெளியே புஷ் ஹில் என்ற மாளிகையை ஆஸ்பத்திரியாக்கி நோயாளிகளைக் கொண்டுபோய்க் கிடத்தினார்கள். அங்கே போய்ப் பார்க்கத் துணிந்தவர்களில் பிசிக் ஒருவர். இறந்தவர்களின் உடலை அறுத்து ஆராய்ந்தபோது, அவரும் காத்ரால் என்ற இன்னொரு டாக்டரும் ஒரு விஷயத்தைக் கண்டார்கள். மூளை பெரும்பாலும் நன்றாகவே இருந்தது. மிக மோசமாகக் கெட்டிருந்தது இரைப்பையும் அதையடுத்த குடலும்தான். அந்த உறுப்பின் மேல் அவருக்குக் கவனம் விழுந்தது அப்போதுதான் போலும்.

காய்ச்சல் அவரையும் விடவில்லை. 1797-ல் மறுபடி வந்தபோது, அந்த நாள் வழக்கப்படி அவருடைய ரத்தத்தை 20 தடவைக்கு மேல் இறக்கினார்கள். நோயைவிட வைத்தியம் பயங்கரமாக இருந்த காலம் அது. கொசுதான் இந்தக் காய்ச்சலைப் பரப்புகிறது என்று சோதனை செய்து நிரூபித்தது 1900-ல்தான்.

அந்தக் காய்ச்சல் காலத்துச் சேவையால் பெயர் வந்தது. 1794-ல் பென்சில்வேனியா ஆஸ்பத்திரியில் ரண வைத்தியரானார். 1805-ல் சர்வகலாசாலையில் ரண சிகிச்சைக்கென்று தனிப் பேராசிரியர் பதவி உண்டாக்கி அதில் அவரை அமர்த்தினார்கள். அதுவரை உடற்கூறு சொல்லிக்கொடுப்பவரே ரண சிகிச்சையையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்து வந்தார்.

பாட்டன் வழி வந்த கைத்திறன் இங்கேதான் பயன்பட்டது. கையில் இருக்கும் கருவி சரியில்லை என்றால் அதை மாற்றிச் செய்யாமல் அவருக்குத் தூக்கம் வராது. சிறுநீர்க் குழாய், ஊசி பிடிக்கும் இடுக்கி என்று பலவற்றைத் திருத்தினார். 1802-ல் ஒட்டாமல் கிடந்த கை எலும்பின் நடுவே பட்டு நூலைக் கோத்து விட்டு எலும்பை ஒட்ட வைத்தார். ரத்தக் குழாயைக் கட்டும் நூல் உடம்புக்குள்ளேயே கரைந்து போகட்டுமே என்று தோல் இழையைப் பயன்படுத்திப் பார்த்து 1816-ல் எழுதினார். இன்று ஆபரேஷனில் தானாகக் கரையும் தையல் போடுகிறார்களே, அதன் முன்னோடி இது.

சோடாவுக்கும் அவருக்கும் கூட உறவு உண்டு. 1807-ல் வயிற்றுக் கோளாறுக்காரர்களுக்குக் கொடுப்பதற்காக, டவுன்சென்ட் ஸ்பீக்மன் என்ற மருந்துக் கடைக்காரரிடம் காற்று ஏற்றிய தண்ணீர் தயார் செய்யச் சொன்னார். வெறும் தண்ணீர் நாக்குக்குப் பிடிக்காது என்று கடைக்காரர் பழச்சாறு கலந்தார். அமெரிக்காவில் கலர் சோடா வியாபாரம் இப்படித் தொடங்கியதாகச் சொல்கிறார்கள்.

இரட்டைக் குழந்தைகள்

1812-ல் அவரிடம் 3 மாதத்து இரட்டைக் குழந்தைகள் வந்தன. இரண்டுக்கும் கக்குவான் இருமல். இருமல் அடங்க லாடனம் கொடுத்திருந்தார்கள். லாடனம் என்பது அபினைச் சாராயத்தில் கரைத்த மருந்து. அன்று வீட்டுக்கு வீடு இருந்தது. நம் நாட்டிலும் குழந்தை அழாமல் தூங்குவதற்கு அபின் கொடுத்த காலம் உண்டு. பச்சைக் குழந்தைகளின் உடம்பு அதைத் தாங்கவில்லை. இரண்டும் நினைவு தப்பிக் கிடந்தன. மூச்சு அடங்கிக்கொண்டே வந்தது.

அந்த நாளில் விஷத்துக்கு எல்லா டாக்டர்களும் செய்தது ஒன்றே. வாந்தி மருந்து கொடுத்து விஷத்தைக் கக்க வைப்பார்கள். ஆனால் விழுங்கவே தெம்பில்லாத குழந்தைக்கு வாந்தி மருந்தை எப்படிக் கொடுப்பது? அப்படியே உள்ளே போனாலும், அபின் மயக்கத்தில் கிடக்கும் உடம்பு வாந்தி எடுக்காது. விஷம் வயிற்றிலேயே நின்று கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் ஏறும். டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பிசிக் பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. வளையக்கூடிய பெரிய சிறுநீர்க் குழாய் ஒன்றை எடுத்து, குழந்தையின் வாய் வழியே தொண்டையைத் தாண்டி இரைப்பை வரை இறக்கினார். அதன் வழியே வெந்நீரில் கலந்த வாந்தி மருந்தை ஊற்றிப் பார்த்தார். வாந்தி வரவில்லை. உடனே குழாயின் வெளி முனையில் பீச்சாங்குழலை மாட்டி, உள்ளே இருந்ததை உறிஞ்சி எடுத்தார். மறுபடி வெந்நீரை விட்டார், மறுபடி உறிஞ்சினார். இப்படிப் பல தடவை.

ஒரு குழந்தை பிழைத்தது. ஒன்று இறந்தது.

அதே குழாய், அதே கை, அதே வீட்டுக் குழந்தைகள். எவ்வளவு விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது, உடம்பு எவ்வளவு தாங்கும் என்பதையெல்லாம் குழாய் தீர்மானிப்பதில்லை. ஏறாமல் வயிற்றில் மிச்சம் இருப்பதைத்தான் அது எடுக்க முடியும். இந்த 1812-ம் ஆண்டு உண்மை இன்றும் மாறவில்லை.

பிசிக் அந்த அனுபவத்தைப் பிலடெல்பியாவில் வெளியான ஒரு மருத்துவப் பத்திரிகையில் அதே ஆண்டு எழுதினார். புதிய முறை என்று தலைப்பும் கொடுத்திருந்தார். பிறகுதான் அவருக்கு ஒரு செய்தி தெரிய வந்தது. எடின்பரோவில் அலெக்சாண்டர் மன்றோ என்ற பேராசிரியர் 1767-லேயே, அதாவது பிசிக் பிறப்பதற்கு முந்திய ஆண்டே, குழாய் போட்டு விஷத்தை எடுக்கலாம் என்று யோசனை சொல்லியிருந்தார். வேடிக்கை என்னவென்றால், பிசிக் எடின்பரோவில் பட்டம் வாங்கியபோது அங்கே உடற்கூறு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவரும் அதே மன்றோதான். பெருமை தமக்கு உரியதல்ல, மன்றோவுக்கே முதல் உரிமை என்று பிசிக் வெளிப்படையாக எழுதிவிட்டார். தொழிலில் உச்சியில் இருக்கிற மனிதருக்கு இப்படி எழுத எளிதில் மனம் வராது. அவர் எழுதினார்.

குழாயின் பயணம்

அதன்பின் 1822-ல் லண்டனில் எட்வர்ட் ஜூக்ஸ் என்ற ரண வைத்தியர் இரைப்பைப் பம்பு ஒன்றைச் செய்தார். அதை நம்பி, தாமே அபின் கரைசலைக் குடித்துவிட்டு, பிறரைக் கொண்டு கழுவச் செய்து பிழைத்துக் காட்டினார். அசட்டுத் துணிச்சல்தான். 1867-ல் ஜெர்மனியில் அடால்ப் குஸ்மால் என்ற டாக்டர், விஷம் குடிக்காத, இரைப்பை அடைத்து உப்பிப்போன நோயாளிகளுக்கும் இதே முறையைக் கையாண்டார். பிறகு ரப்பர் குழாய் வந்தது. பம்பு போய், புனலும் வாளியும் போதும் என்றாயிற்று. புனலை உயர்த்தினால் தண்ணீர் உள்ளே போகும். தாழ்த்தினால் வெளியே வரும். இவ்வளவு எளிது என்பதால்தான் கடல் கடந்து சின்னச் சின்ன ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் இந்த முறை வந்து சேர்ந்தது.

கேரளத்துக்கு விஷத்தின் கொடுமையைப் பெரிய அளவில் காட்டியது 1958-ம் ஆண்டு. கப்பலில் உணவுப் பண்டங்களோடு பாரத்தியான் என்ற பூச்சிமருந்தும் சேர்ந்து வந்தது. மருந்து கசிந்து பண்டத்தில் கலந்தது. சாப்பிட்டவர்களில் 100-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எல்லாரும் ஒரு வேளைச் சாப்பாடு சாப்பிட்டவர்கள், அவ்வளவுதான். பூச்சிமருந்து மனிதனையும் கொல்லும் என்பது அன்று பலருக்கு அப்போதுதான் உறைத்தது.

பிசிக்கின் முறைக்கு இன்று டாக்டர்கள் கொடுக்கும் இடம் என்ன என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏனெனில் எல்லை ஊர்களில் இதைப் பற்றிய தவறான எண்ணம் இன்னும் போகவில்லை. வயிறு கழுவவில்லை என்றால் ஆஸ்பத்திரியில் கவனிக்கவே இல்லை என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. அமெரிக்க, ஐரோப்பிய விஷ மருத்துவ வல்லுநர்களின் சங்கங்கள் 1997-ல் கூடி ஆராய்ந்து, எல்லா விஷத்துக்கும் வழக்கமாக வயிறு கழுவ வேண்டியதில்லை என்று கூறின. 2004-லும் 2013-லும் அதையே திரும்பவும் உறுதி செய்தன. உயிருக்கு ஆபத்தான அளவு உள்ளே போயிருந்து, அதுவும் ஏறக்குறைய 1 மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்தால்தான் பயன் இருக்கலாம். நினைவு தப்பியவருக்கு முதலில் மூச்சுக் குழாயில் டியூப் போட்டுப் பாதுகாத்துவிட்டுத்தான் கழுவ வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். ஆசிட் குடித்தவருக்கும் மண்ணெண்ணெய் குடித்தவருக்கும் கழுவக் கூடாது. பூச்சிமருந்து கேஸில் உயிரை நிறுத்துவது பெரும்பாலும் அட்ரோபின் ஊசியும் மூச்சு நிற்காமல் பார்த்துக்கொள்வதும்தான்.

பிசிக் ஊற்றிய வாந்தி மருந்தின் கதையும் முடிந்துவிட்டது. அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு வைத்திருந்த அந்த மருந்தை இனி வைக்க வேண்டாம் என்று அந்நாட்டுக் குழந்தை மருத்துவர் சங்கம் 2003-ல் சொல்லிவிட்டது. நம் பக்கத்தில் உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், சாணிக் கரைசல் என்று வாயைப் பிளந்து ஊற்றுகிறார்களே, அதுவும் இந்த வகைதான். ஊற்றியது மூச்சுக் குழாயில் போய், விஷத்தால் சாகாதவர் அதனால் செத்துப்போவது உண்டு. மேலும் அந்த அரை மணி நேரம் வீணாகிறது. மூணாறிலிருந்து கோட்டயம் மருத்துவக் கல்லூரிக்கு மலைப் பாதையில் 100 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிற நாட்டில் அரை மணி நேரம் என்பது சிறிய காலமல்ல. ஆளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு, கிட்டத்தில் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதுதான் செய்ய வேண்டியது. ஆம்புலன்ஸுக்கு 108. டப்பாவைப் பார்த்தால்தான் எந்த விஷம், எந்த மாற்று மருந்து என்பது டாக்டருக்குத் தெரியும்.

கடைசிக் காலம்

பிசிக்கின் சொந்த வாழ்க்கை அவ்வளவு சுகமில்லை. 1800-ல் எலிசபெத் எம்லன் என்ற பெண்ணை மணந்தார். 1815-ல் இருவரும் பிரிந்துவிட்டார்கள். நான்காவது தெருவில் இருந்த பெரிய வீட்டில் அதன்பிறகு வாழ்ந்தார். அந்த வீடு இன்று பொதுமக்கள் பார்க்கும் காட்சிசாலையாக இருக்கிறது. அதிகம் பேசாத மனிதர். உடம்பும் அவருக்கு அடிக்கடி ஒத்துழைக்கவில்லை. 1819-ல் ரண சிகிச்சைப் பதவியிலிருந்து உடற்கூறு பதவிக்கு மாறினார். 1831-ல் சர்வகலாசாலையை விட்டே விலகினார்.

அதே 1831-ம் ஆண்டு அக்டோபரில் அவரிடம் வந்தவர் அமெரிக்கத் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல். வயது 76. மூத்திரப்பையில் கல். பிசிக்குக்கும் 63 வயது ஆகிவிட்டது. ஆபரேஷனை வேறொருவர் செய்யட்டும் என்று தயங்கியவர், கடைசியில் தாமே செய்தார். மயக்க மருந்து அப்போது கிடையாது. அது வந்தது 1846-ல்தான். அந்தக் கிழவரின் மூத்திரப்பையிலிருந்து சிறியதும் பெரியதுமாகக் கிட்டத்தட்ட 1000 கற்களை எடுத்தார். மார்ஷல் பிழைத்து மறுபடி நீதிபதி ஆசனத்தில் அமர்ந்து 1835 வரை இருந்தார். நன்றிக்காக அவர் அனுப்பிய வெள்ளிப் பாத்திரம் அந்த நான்காவது தெரு வீட்டில் இருக்கிறது. வெள்ளித் தட்டார் பேரனுக்குப் பொருத்தமான பரிசுதான்.

1837-ம் ஆண்டு டிசம்பர் 15-ந் தேதி பிசிக் காலமானார். இறப்பதற்கு முன் ஒரு கட்டளை இட்டிருந்தார். தம் உடலை யாரும் அறுத்துப் பார்க்கக் கூடாது, புதைத்த பிறகு கல்லறைக்குக் காவல் போட வேண்டும் என்பது அது. கல்லூரிகளுக்குப் பிணம் கிடைக்காமல், இரவில் கல்லறையைத் தோண்டித் திருடி விற்பவர்கள் இருந்த காலம். லண்டனில் ஹன்டரின் அறையில் தொடங்கி ஆயுள் முழுதும் பிணங்களை அறுத்துப் படித்தவருக்கு அந்த வியாபாரம் நன்றாகவே தெரிந்திருக்கும். கிறைஸ்ட் சர்ச் மயானத்தில், பெஞ்சமின் பிராங்க்ளின் புதைக்கப்பட்ட அதே மதிலுக்குள் அவரையும் புதைத்தார்கள். சொன்னபடியே காவலும் போட்டார்கள்.